கைப்பிடி நடுவில் இருக்கட்டும்

கேனி ஓடை, கம்பர்லண்ட் ஏரி, கென்டக்கி
ஏப்ரல் 14, 1996

என் தலைப்பிரட்டையே,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு மனசில்லை. கோபம் இன்னும் தீரவில்லை. 'லானி' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ ஊரானுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. அதனால் அடித்துவிட்டு இதையே எழுதினேன்.

உன் அண்ணனை அடக்கம் செய்து ஒரு குளிர்காலமே போய்விட்டது. நீ வரவில்லை. காவலோடு அனுப்புவார்கள் என்று பாஸ்டர் சிறையில் பேசி முடித்துவிட்டு வந்தார். நீதான் மாட்டேன் என்றாய். தேவாலயத்தில் எனக்குப் பக்கத்து இடம் காலி. ஐமா ஜீன் தன் கைப்பையை அங்கே வைத்தாள். உன்னைத் தூக்கி வளர்த்தது நானும் டெல்மரும். உன் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பை உட்கார்ந்திருந்தது. நாலாவது தடவையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி உள்ளே போனாயே, அதைக்கூட மன்னித்தேன். இதை முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படகு.

அக்டோபரில் அவரைக் கண்டெடுத்த மீன்பிடிக்காரர்கள் இழுத்துவந்து விட்டபடியே கொட்டகையில் டிரெய்லர் மேல் கிடக்கிறது. போன கோடை முழுக்க அதன் பின்னால், விசிறியைத் தாங்கித் தண்ணீருக்குள் தொங்குகிற கால் உறுமிக்கொண்டே இருந்தது. நீ உள்ளே போய்விட்டாய், உனக்குத் தெரியாது. படகைத் திருப்பும்போதெல்லாம் யாரோ பின்னால் உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம். "டெல்மர், அதைக் கொஞ்சம் பாரேன்" என்பேன். "அடுத்த சனிக்கிழமை, வெல்டா" என்பார். ஒரு சனிக்கிழமை தேவாலயக் கூரை. ஒரு சனிக்கிழமை மழை. ஒரு சனிக்கிழமை சும்மா தூக்கம். அப்புறம் சனிக்கிழமைகள் தீர்ந்துபோயின.

அதை நானே சரிபண்ணப் போகிறேன். பேரிங், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற ரப்பர் மடிப்புக்குழாய், தேய்ந்தது எதுவானாலும். சரிபண்ணி ஒரே ஒரு தடவை நானே ஓட்டிக்கொண்டு நடு ஏரிக்குப் போக வேண்டும், அவரைக் கண்ட இடத்துக்கு. கல்யாணமானதிலிருந்து அவர் என்னை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "நீ கயிற்றைப் பிடி" என்பார். கயிறு பிடித்தே கை காய்த்துவிட்டது. ஒரு தடவை போதும். அதற்கப்புறம் எனக்கு எதுவும் வேண்டாம்.

படகோடு வந்த புத்தகம் இருக்கிறது, பிரித்துப் பார்த்தேன். படம் முழுக்க அம்புக்குறி. எட்டாவதோடு நின்றவளுக்கு அது என்ன சொல்லும்? நீ படகுக் கடையிலேயே கிடந்தவன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

நாயை, நம் பிஸ்கட்டை, ஐமா ஜீனிடம் கொடுத்துவிட்டேன். கோழிகளையும் அவளே பிடித்துக்கொண்டு போனாள். தக்காளி நடவில்லை. யார் சாப்பிட? வேலை குறைந்தது.

வெல்டா

இதைப் பிரித்துப் படிக்கிற காவல் ஐயாவுக்கு: உள்ளே காகிதம் தவிர வேறெதுவும் இல்லை. திரும்ப ஒழுங்காக ஒட்டவும்.


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணி,

திட்டி எழுதினாலும் தலைப்பிரட்டை என்று ஆரம்பித்தீர்களே, அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். என்னைக் காலில் சங்கிலி போட்டுத்தான் கூட்டிவருவார்கள். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நான் அதை இழுத்துக்கொண்டு நடந்தால் ஊர் முழுக்க என் காலைத்தான் பார்க்கும். அன்றைக்கு ஒரு நாளாவது எல்லோரும் அவரைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தப்போ சரியோ, நினைத்தது அது.

படகைத் தொடாதீர்கள். அந்தக் கால் கொழுத்த பன்றி எடை இருக்கும். உங்கள் முதுகு இருக்கிற லட்சணத்துக்கு அது மேலே விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு யார் இருக்கிறார்கள்? என்னை அக்டோபரில் விட்டுவிடுவார்கள். வந்ததும் ஒரு சனிக்கிழமையில் முடித்துத் தருகிறேன். அரை வருஷம் கிடந்தது, இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்.

பிஸ்கட்டை ஏன் கொடுத்தீர்கள்? அவனுக்கு ஐமா ஜீனைக் கண்டாலே ஆகாதே.

கடிதம் பிரிக்கிற ஐயாவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருக்கிறதாம். "உங்க அண்ணியா கழட்டப் போறாங்க? என் பொண்டாட்டி பெட்ரோல் மூடியைக்கூடத் திறக்க மாட்டா" என்றார்.

உங்கள் லானி


ஏப்ரல் 29

லானி,

சனிக்கிழமை என்ற வார்த்தையை இந்த வீட்டுக்கு எழுதாதே.

கால் கழன்றுவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டேன். டெல்மர் மானைத் தொங்கவிட்டு உரிக்கிற கப்பி கொட்டகை உத்தரத்தில் இருக்கிறதே, அதற்குக் கீழே படகைப் பின்னால் தள்ளி நிறுத்தினேன். சங்கிலியைக் கட்டினேன். காலை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற தண்டுகளின் ஊசிகளை உருவினேன். நட்டுகள் ஆறு. கடைசி நட்டுக்கு மட்டும் ஸ்பானரில் குழாயைச் சொருகி அதன் மேல் ஏறி நின்றேன். அப்புறம் பின்னால் இழுத்தேன். ஆடின பல் மாதிரி வந்துவிட்டது. இப்போது உத்தரத்தில் தொங்குகிறது. மான் தொங்கினால் குறைந்தபட்சம் சாப்பிடலாம்.

உள்ளே ரப்பர் மடிப்பெல்லாம் வெடித்து வாய் பிளந்திருக்கிறது. பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினேன். மணலை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. அவர் இதோடு போன கோடை முழுக்க ஓட்டியிருக்கிறார். மனுஷனுக்குக் காதா இல்லை?

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கியர்க் கைப்பிடி இன்னும் முன்னால் தள்ளினபடி இருக்கிறது. அன்றைக்குப் படகு அவரோடு வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். பிடித்தவர்கள் சாவியைத் திருப்பி எஞ்சினைத்தான் அணைத்தார்கள். கைப்பிடியை யாரும் தொடவில்லை. அவர் கைதான் கடைசி. நானும் இதுவரை தொடவில்லை, துடைக்கும்போதுகூட அதை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியுமா, தொட்டுத்தான் ஆக வேண்டுமா?

நீ சொல்லாவிட்டாலும் முடிப்பேன். சுத்தியல் இருக்கிறது.

வெல்டா


மே 6

அண்ணி,

சுத்தியலைக் கீழே வையுங்கள். எழுதுகிறேன்.

பழைய பேரிங்கை அடித்து எடுக்க முடியாது, இழுத்துத்தான் எடுக்க வேண்டும். படகுத்துறையில் வெண்டலிடம் நீளக் கம்பியில் எடை ஓடுகிற இழுப்புச் சுத்தியல் இருக்கும், கேட்டு வாங்குங்கள். புதுப் பேரிங்கை ஒரு ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். குளிரில் சுருங்கும், சுலபமாக உள்ளே போகும். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், வளையத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டு கிரீஸ் வருகிற துளைக்கு நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் என்ன கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, அடுத்த வருஷம் மறுபடி உறுமும்.

ரப்பர் ஒட்டுகிற இடத்தில் பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. வெறும் இரும்பு தெரியட்டும். புதுப் பசையைத் தடவிவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். உங்களுக்குப் பொறுமை கிடையாது, தெரியும். ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

காலை ஏற்றும்போது விசிறியை இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் தண்டின் பல்லோடு பல் சேரும். சேராவிட்டால் நட்டைப் போட்டு முறுக்கி இழுக்காதீர்கள். உள்ளே ஒன்று உடையும். விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கைப்பிடி விஷயம். அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அண்ணி. அண்ணன் கை வைத்த இடம் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு வேலை ஓடாது. ஏற்றும்போதும் கைப்பிடி நடுவில் இருக்கட்டும்.

லானி


மே 19

தலைப்பிரட்டை,

வெண்டலிடம் போனேன். "இழுப்புச் சுத்தியலா? யாருக்குங்க?" என்றான். "எனக்கு" என்றேன். "சுவத்துல படம் மாட்டவா?" என்று சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். தன்னால் எடுத்துக் கொடுத்தான்.

பேரிங் அசைந்துகொடுக்கவே இல்லை. இழுக்கிறேன், இழுக்கிறேன், தோள் கழன்றுவிடும் போல. கடைசியில் அது வெளியே வந்தபோது நான் மல்லாக்க விழுந்தேன். கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தபடியே டெல்மரைத் திட்டினேன். இவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

ஃபிரீசரில் புதுப் பேரிங் வைக்க இடமில்லை. சாவு வீட்டுக்குக் கொண்டுவந்த சாப்பாடெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கடியிலும் கொண்டுவந்தவள் பெயரை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறாள், தட்டு திரும்பிப் போக வேண்டுமே. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை இத்தனை நாளும். ஐமா ஜீனின் கோழி நூடுல்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேரிங்கை வைத்தேன். நூடுல்ஸைச் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். உப்பே இல்லை. மனசு கஷ்டப்படுகிறவளுக்கு உப்பு வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

வெட்டு, துளைக்கு நேராகத்தான் வைத்தேன். மரக்கட்டை வைத்து அடித்தேன், போய் உட்கார்ந்தது. ரப்பர் ஒட்டும்போது குனிந்து உள்ளே பார்த்தேன், தலைமுடி பசையில் ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் எட்டவில்லை. தலையைப் படகோடு சேர்த்துக்கொண்டு காலைப்பொழுதில் பாதி நின்றேன். கடைசியில் ரம்பப் பல் கத்தியால் அறுத்தேன். இப்போது ஒரு பக்கம் ஆடு மேய்ந்த மாதிரி இருக்கிறது.

கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். 'டக்' என்றது. அவ்வளவுதான், ஒரு சின்னச் சத்தம். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

மறுநாள் அந்தக் காலைத் தூக்கி ஏற்றினேன். ஏறவில்லை. நீ சொன்னபடி விசிறியைத் திருப்பினேன், பல் சேர்வது கையில் தெரிந்தது, உள்ளே போனது, போனது, நின்றுவிட்டது. கடைசி இரண்டு விரல் அகலம். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி. மறுபடி. அதே இரண்டு விரல். நட்டைப் போட்டு இழுக்கவில்லை. நீ சொன்னதற்காகத்தான். சீக்கிரம் எழுது.

வெல்டா


மே 27

அன்புள்ள அண்ணி,

பேரிங் உட்கார்ந்துவிட்டது என்று கடிதம் பிரிக்கிற ஐயா எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "உட்கார்ந்துடுச்சுய்யா!" என்று வராந்தாவில் கத்தினார். யாருக்கோ ஜாமீன் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு விரல்தானே. தண்டில் கிரீஸ் குறைவாக இருக்கலாம், இன்னும் தடவுங்கள். கப்பியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், கோணம் தப்பாக இருக்கலாம். அவசரமில்லை. நாளைக்கு ஒரு தடவை முயற்சி செய்துவிட்டு விட்டுவிடுங்கள். மே மாதம் இன்னும் முடியவில்லை, தக்காளி இப்போதும் நடலாம். ஐமா ஜீனிடம் போய் பிஸ்கட்டைக் கூட்டிவாருங்கள். கொட்டகையில் வேலை செய்யும்போது குரைக்க ஒரு ஆளாவது இருக்கும்.

ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள்? அதையும் எழுதுங்கள்.

லானி


ஜூன் 9

லானி,

நான் படகைப் பற்றிக் கேட்டால் நீ தக்காளியைப் பற்றி எழுதுகிறாய்.

கிரீஸ் தடவினேன். கப்பியை ஏற்றினேன், இறக்கினேன். இடப்பக்கம் சாய்த்தேன். வலப்பக்கம் சாய்த்தேன். கெஞ்சினேன். உதைத்தேன், கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. இரண்டு விரல்! அந்த இடைவெளி வழியாக எனக்கு வெளிச்சம் தெரிகிறது. உள்ளே புதுப் பேரிங் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எனக்கு என்ன எரிச்சல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடி அவர் சாவுக்கு இதயம்தான் காரணம். உறுமலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மனுஷன் போகும்போது அவன் காதில் கடைசியாக விழுந்த சத்தம், செய்கிறேன் செய்கிறேன் என்று செய்யாமல் விட்ட வேலையின் சத்தம். அதை நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும். இது பெரிய ஆசையா? இந்தப் பூமியில் நான் கேட்பது இது ஒன்றுதான், அதற்கும் இரண்டு விரல் குறைகிறது.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாயே. செத்த வீட்டுச் சாப்பாடு. இப்போது டோரத்தி என்று ஒருத்தியின் உருளைக்கிழங்கு. அவள் யார் என்றே நினைவில்லை.

வெல்டா


ஜூன் 16

அண்ணி,

ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள், மற்றதை நான் எழுதுகிறேன்.

அந்த ஒரு தடவை போய்விட்டு வந்தபிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? மறுநாள் காலையில்? அதைச் சொல்லுங்கள்.

லானி


ஜூன் 23

மிஸ்டர் லானிக்கு,

இன்றைக்கு உனக்கு வேறு பெயர் கிடையாது.

வெள்ளிக்கிழமை இழுப்புச் சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கப் படகுத்துறைக்குப் போனேன். வெண்டல் கல்லாவுக்குப் பின்னால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"என்னங்க, சுவத்துல படம் மாட்டியாச்சா?"

"கால் ஏறல. கடைசி ரெண்டு விரல் நிக்குது."

"கியரை முன்னால போட்டீங்களா?"

"நடுவுல இருக்கு."

சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான். "நடுவுல வச்சா எப்படிங்க ஏறும்? கழட்டும்போது முன்னால, மாட்டும்போதும் முன்னால. கால்ல இருக்கிற கொக்கியும் படகுல இருக்கிற கொக்கியும் ஒரே பக்கம் பார்த்தாத்தானே கவ்வும். கழட்டும்போது முன்னால இருந்திருக்கும், அதான் வெண்ணெயா வந்திருக்கும். யாரு உங்களை நடுவுல வைக்கச் சொன்னா?"

இழுப்புச் சுத்தியலைக் கல்லாமேல் வைத்தேன். அவனே பேசினான்: "நம்ம லானி இங்க வேலை பார்த்தப்ப நாள் முழுக்க இதைத்தான் கத்துவான். 'முன்னால போடுடா, முன்னால போடு!' யாராவது சாப்பாட்டு வரிசையில நின்னாக்கூட 'முன்னால போடு'ம்பான். அவனைக் கேட்டிருக்கலாமே நீங்க?"

அவனைக் கேட்டிருக்கலாமே!

வீட்டுக்கு வந்தேன். கைப்பிடியை முன்னால் தள்ளினேன், அவர் விட்டுப்போன இடத்துக்கே. அதை அங்கிருந்து நகர்த்த நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், படித்தாய்தானே? காலைத் தள்ளினேன். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு கையால் தள்ளினேன். ஆறு நட்டையும் முறுக்கினேன். விளக்கில்லாமலே முறுக்கினேன், அவ்வளவு கோபம்.

பசையில் முடி போனது, நகம் போனது, முதுகு போனது, எதுவும் பெரிதில்லை. ஏறாத காலோடு நான் கொட்டகையில் தனியாக மல்லுக்கட்டுகிறேன் என்று தெரிந்தே, கிரீஸ் தடவுங்கள் என்று எழுதினாயே. அவர் கை பட்ட இடத்திலிருந்து என்னைக் கொண்டே அதை எடுக்க வைத்தாயே. ஏன்? வெளியே வந்து நீயே செய்து பெயர் வாங்கவா? இல்லை, படகு உனக்கு வேண்டுமா? எடுத்துக்கொள். நான் போய்விட்டு வந்ததும் எடுத்துக்கொள்.

ஜூலை நாலு விடுமுறைக் கூட்டம் ஏரியை விட்டுப் போகட்டும். அப்புறம் இறக்குகிறேன்.

வெல்டா


ஜூன் 30

அண்ணி,

ஆமாம். பொய்தான் எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

இங்கே என் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருந்தான், டாயல் என்று பெயர். இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் தன் ரேடியோவை ஒருவனுக்குக் கொடுத்தான், கனமான காலுறையை எனக்குக் கொடுத்தான். எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். 'பரவாயில்லையே, ஆள் தேறிவிட்டான்' என்று நான்தான் சொன்னேன். அப்புறம் ஒரு காலையில் அவனைப் போர்வை மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள், அந்தக் கட்டில் காலி. அந்தக் காலுறையை நான் இன்னும் போடவில்லை.

ஏப்ரலில் உங்கள் முதல் கடிதம் வந்தது. நாயைக் கொடுத்துவிட்டேன். கோழியைக் கொடுத்துவிட்டேன். தக்காளி நடவில்லை. ஒரு தடவை போதும், அதற்கப்புறம் எதுவும் வேண்டாம். அண்ணி, நீங்கள் தக்காளி நடாமல் ஒரு வருஷமும் எனக்கு நினைவில்லை. என் அம்மா செத்த வருஷமும் நட்டீர்கள்.

நான் என்ன செய்வேன்? சுவருக்குள்ளே இருக்கிறேன். வந்து படகுச் சாவியைப் பிடுங்க முடியாது. தேவாலயத்துக்காரர்களுக்கு எழுதினால் இன்னும் பத்துத் தட்டுச் சாப்பாடு கொண்டுவருவார்கள், நீங்கள் சிரித்த முகமாக வாங்கி ஃபிரீசரில் வைப்பீர்கள். என் கையில் இருந்தது அந்த ஒரு கைப்பிடிதான். கைப்பிடி நடுவில் இருந்தால் கால் ஏறாது. கால் ஏறாதவரை நீங்கள் கோபமாக இருப்பீர்கள், கோபமாக இருந்தால் எனக்கு எழுதுவீர்கள். அக்டோபர்வரை உங்களைக் கோபமாக வைத்திருக்க முடிந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

கடிதம் பிரிக்கிற ஐயா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். "டேய், தப்பா எழுதியிருக்கே. முன்னால இல்ல வைக்கணும்?" என்றார். "சரியாத்தான் எழுதியிருக்கேன் சார்" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டார்.

நான் நினைத்தது தப்பாக இருந்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம் செய்கிறேன்.

இனி உங்களை நிறுத்த என்னிடம் எதுவும் இல்லை. போங்கள். ஒன்றே ஒன்று. புது ரப்பர் போட்ட படகை நம்பக் கூடாது. நடு ஏரிக்குப் போய் எஞ்சினை அணைத்ததும் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, தண்ணீர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது நான் சொல்லிக்கொடுத்து நீங்கள் ஒட்டின ரப்பர். எனக்கு எழுதுங்கள்.

எப்போதும் நீங்கள்தானே கயிற்றைப் பிடித்தீர்கள். இந்தத் தடவை நான் பிடிக்கிறேன்.

தலைப்பிரட்டை


ஜூலை 9

என் தலைப்பிரட்டையே,

இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். நான் அப்படிப்பட்டவளா, என்னைப் பற்றி இவன் இப்படி நினைப்பதா என்று. எனக்கு அப்படியொரு எண்ணமே இல்லை என்று உனக்கு நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. சரி, போய்விட்டு வந்து எழுதலாம் என்று எழுந்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் படகை இறக்கினேன். டிரெய்லரைப் பின்னால் விட மூன்று தடவை கோணிப்போனது. வெண்டல் படகுத்துறையிலிருந்து, "லெஃப்ட்ல ஒடிங்க! உங்க லெஃப்ட்! அது லெஃப்டா?" என்று கத்தினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கைப்பிடியை நானே முன்னால் தள்ளினேன்.

லானி, சத்தமே இல்லை. திருப்பினேன், சத்தமில்லை. வேண்டுமென்றே முழுக்க ஒடித்துத் திருப்பினேன், உறுமல் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும். உன் அண்ணன் கேட்டிருக்க வேண்டும்.

அந்த இடத்துக்குப் போனேன். எஞ்சினை அணைத்தேன்.

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். டெல்மரின் கனமான பூட்ஸைப் போட்டிருந்தேன், நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கி. ஏன் போட்டாய் என்று காலையில் யாராவது கேட்டிருந்தால், கால் நனையாமல் இருக்க என்று சொல்லியிருப்பேன். நானே அதை நம்பியிருப்பேன். மிதவைச் சட்டை கொட்டகை ஆணியில் தொங்குகிறது. மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. படகு தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது, மெதுவாக. நான் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நீ சொன்னது நினைவு வந்தது. மூடியைத் திறந்தேன். குனிந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் தடவினேன். தூசி. போன வருஷத்து இலை ஒன்று, காய்ந்தபடி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை, லானி! நான் ஒட்டினது. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. தோன்றினதும் பயங்கர எரிச்சல் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டுமானால் கரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? தபால் பெட்டி கரையில்தானே இருக்கிறது? நடு ஏரியில் உட்கார்ந்து உன்னைச் சத்தம் போட்டுத் திட்டினேன். தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவன், "ஏம்மா, எல்லாம் சரியா?" என்றான். "ஒரு சொட்டு இல்ல!" என்று கத்தினேன். அவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

முடிச்சை அவிழ்க்கத்தான் நேரமானது. வெறுங்காலோடு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பிஸ்கட்டைக் கூட்டிவந்துவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. அது ஐமா ஜீனின் சோபாவைக் கடித்து நூல் நூலாக்கிவிட்டது. அவள் தட்டையும் கழுவிக் கொடுத்தேன். "உப்புச் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

இதைப் பிரிக்கிற ஐயா, அன்றைக்கு நீங்கள் அவனுக்குத் திருத்திக் கொடுக்காமல் விட்டீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். நன்றியா கோபமா என்று இன்னும் முடிவாகவில்லை.

உனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, தலைப்பிரட்டை. ராத்திரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியாது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கைப்பிடியை முன்னால் வையுங்கள் என்று நீ மே மாதமே உண்மையை எழுதியிருந்தால், நான் திரும்பி வந்திருப்பேனா?